குமரியில் பிள்ளைகள் நலமா? மாவட்ட அளவில் எண்ணிப் பார்ப்பது எப்படி

"நம்ம மாவட்டத்துக்கு என்ன குறை, படிப்புல நாமதானே முதல்" என்று நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதுதான் அதிகம். ஆனால் அது 7 வயதுப் பிள்ளையிலிருந்து எண்பது வயதுத் தாத்தா வரைக்கும் சேர்த்துப் போட்ட எண். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன பையனைப் பற்றியோ, தூத்தூர் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் வீடு திரும்பாமல் இருக்க தம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றியோ அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் பிள்ளைகளை மட்டும், பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்கும், தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். வாசகசாலைக் குழு, மகளிர் குழு, பங்கு இளைஞர் இயக்கம், கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள், ஆர்வமுள்ள ஒரு வார்டு உறுப்பினர் என்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் செய்து பார்த்தோம், நிறையத் தப்பும் பண்ணினோம். அந்தத் தப்புகளை நீங்கள் மறுபடி பண்ண வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நம் மாவட்டம் மாதிரியான பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். அங்கே அன்னி ஈ. கேசி அறக்கட்டளை 1990-லிருந்து 'கிட்ஸ் கவுண்ட்' என்ற பெயரில் ஆண்டுதோறும் பிள்ளைகள் நிலையை வெளியிட்டு வருகிறது. குடும்பப் பொருளாதாரம், கல்வி, ஆரோக்கியம், குடும்பமும் சுற்றமும் என்று நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் நாலு, மொத்தம் 16 குறியீடுகள், அதாவது எண்ணிப் பார்க்கிற விஷயங்கள். கவுண்டி வாரியான எண்களையும் தேடி எடுக்கலாம். இங்கே 2019-ல் வேர்ல்டு விஷன் இந்தியாவும் ஐ.எஃப்.எம்.ஆர். லீட் நிறுவனமும் 24 குறியீடுகளோடு பிள்ளைகள் நலப் பட்டியல் ஒன்று வெளியிட்டார்கள், கேரளமும் தமிழ்நாடும் முன்வரிசையில் இருந்தன. ஆனால் அது மாநில அளவோடு நின்றுவிட்டது.

கிட்ஸ் கவுண்டின் அந்த நாலு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள், குறியீடுகளை அப்படியே எடுக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு இல்லாத பிள்ளைகள் எத்தனை என்பது அமெரிக்காவில் உயிர்நாடியான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் வைத்தியம் கிடைக்கிற நம் ஊரில் காப்பீட்டு அட்டையை எண்ணி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

முதலில் மாவட்டத்தை வெட்டுங்கள்

ஒரு மாவட்டத்துக்கு ஒரு எண் என்று ஆரம்பித்தாலே வேலை கெட்டுப்போகும். குமரியில் 9 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன, அரசுத் தரவு பெரும்பாலும் அந்த வரிசையில்தான் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கை ஒன்றிய எல்லைப்படி பிரிவதில்லை. ராஜாக்கமங்கலம் ஒன்றியத்தை எடுத்தால் கடப்புறத்து மீனவர் ஊரும் அதற்குள்ளே இருக்கிறது, உள்ளே தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கும் ஊரும் இருக்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் பிள்ளை இரண்டு ஊரிலும் இல்லாத பிள்ளை. நாங்கள் கடற்கரை, நடுநாடு, மலையடிவாரமும் ரப்பர் தோட்டமும் என்று மூன்றாகப் பிரித்தோம். வயதையும் 0–5, 6–10, 11–14, 15–18 என்று நாலாக. ஆண், பெண் தனித்தனி. இந்தக் கட்டங்களை ஒரு பெரிய சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, எந்தக் கட்டத்துக்கு ஏற்கெனவே எண் இருக்கிறது, எது காலி என்று பாருங்கள். எங்களுக்குக் கண் திறந்தது அந்தச் சார்ட்டைப் பார்த்தபோதுதான்.

ஏற்கெனவே இருப்பதும், அதில் உள்ள ஓட்டைகளும்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21. மாவட்டத்துக்கு ஒரு கையேடு, 104 குறியீடுகள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரம், எடை, ரத்தசோகை, தடுப்பூசி எல்லாம் அதில் உண்டு. ஒப்பிடுவதற்கு மாநில எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 சதவீதம், உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள் 14.6 சதவீதம், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ளவர்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 சதவீதம். கையேட்டைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடத்தில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக் குறி இருக்கும். அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, நட்சத்திரம் என்றால் 25 பேர்கூட இல்லை. அடைப்புக்குறி எண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் பேசாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை வயதில். அந்தக் கையேட்டில் 5 வயது வரைக்கும் பிள்ளைகளின் உடல்நலம் இருக்கிறது, அப்புறம் 15 வயதிலிருந்து பெண்கள் வருகிறார்கள். நடுவில் இருக்கும் பத்து வருடத்துப் பிள்ளைகளின் உடல் எப்படி இருக்கிறது என்று மாவட்ட அளவில் தேடினால் ஏறக்குறைய வெறுமைதான். 2016–18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 19 வயது வரை அளந்தது, ஆனால் மாநிலத்தோடு சரி. எங்கள் சார்ட்டில் நடுவிலிருந்த இரண்டு பத்தியும் காலியாகக் கிடந்தது இதனால்தான். உங்கள் உழைப்பு முக்கியமாகப் போக வேண்டிய இடமும் அதுதான்.

படிப்புக்கு யூடைஸ் என்ற அரசுப் பள்ளிப் புள்ளிவிவரத் தரவு உண்டு, பள்ளி வாரியாகச் சேர்க்கை, கழிப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அசர் ஆய்வு: மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. நல்ல முறை, நாங்களும் அதைத்தான் காப்பியடித்தோம். ஆனால் அசர் கிராமப்புறத்தில் மட்டும் நடக்கும். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் எக்கச்சக்கம், மார்த்தாண்டம் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீடுகூட கணக்கெடுப்பில் நகர்ப்புறமாகிவிடும். 2011 கணக்குப்படி குமரி மக்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தவர். அப்படியானால் கிராமப்புறத்தை மட்டும் பார்க்கிற ஆய்வு நம் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக்கூடப் பார்ப்பதில்லை. வேறு மாவட்டத்துக்காரர் எழுதிய வழிகாட்டியில் இது இருக்காது.

இணையத்தில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். "குழந்தைகள் நிலை பற்றிய விவரம் தரவும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். எங்களுக்கு வந்தது திட்டங்களின் பெயர்ப் பட்டியல். ஒன்றிய வாரியாக, ஆண் பெண் வாரியாக, கடந்த மூன்று ஆண்டுக்கு, 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகள் எத்தனை என்று கட்டம் போட்ட தாளையே இணைத்து அனுப்புங்கள், நிரப்பிக் கொடுப்பது அவர்களுக்கும் சுலபம்.

கீழே வரும் எண்

சதவீதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே உள்ளதற்காக அலைகிற நாம் கீழே உள்ளதை 2011 கணக்கெடுப்பிலிருந்து சும்மா எடுத்துப் போட்டுவிடுகிறோம். 2011-ல் குமரியில் 6 வயது வரையுள்ள குழந்தைகள் சுமார் 1.82 லட்சம். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று பதின்பருவத்தில் இருக்கிறது! அதற்குப் பிறகு பிறப்பும் குறைந்துவிட்டது. அந்தப் பழைய எண்ணால் இன்றைய அங்கன்வாடிப் பிள்ளைகளை வகுத்தால் பாதிப் பிள்ளைகள் அங்கன்வாடிக்கே வரவில்லை என்பது மாதிரி ஒரு பயங்கரம் தெரியும், உண்மையில் அத்தனை பிள்ளைகளே இல்லாமல் இருக்கலாம். அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் வரும்வரை அங்கன்வாடிப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கை, நீங்களே எடுக்கும் வீட்டுப் பட்டியல் இவற்றை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும்.

எல்லையோர மாவட்டம் என்பதால் இன்னொரு சிக்கல். பிறப்பைப் பதிவது பிரசவம் நடந்த இடத்தில். களியக்காவிளைப் பக்கத்துப் பெண் பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ பிரசவித்தால் அந்தக் குழந்தை கேரளக் கணக்கில் ஏறும், வளர்வது விளவங்கோட்டில். பள்ளியும் அப்படித்தான். இங்கே பெயர் வெட்டுப்பட்ட பிள்ளை அங்கே ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும், நம் பட்டியலில் இடைநிற்றல் என்று விழும். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்காமல் "இடைநிற்றல் கூடிவிட்டது" என்று எழுதாதீர்கள். நாங்கள் எழுதினோம். ஒரு தலைமையாசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் சொன்னார், மரியாதையாகத்தான், ஆனால் காது சுட்டது.

எத்தனை பிள்ளைகள் போதும்?

ஒரு சுருக்குவழி: எத்தனை பிள்ளைகளைக் கேட்கிறீர்களோ அதன் வர்க்கமூலத்தால் நூறை வகுங்கள், ஏறக்குறைய அவ்வளவு சதவீதப் புள்ளி முன்னேபின்னே இருக்கும். 100 பிள்ளைகள் என்றால் 10 புள்ளி, 400 என்றால் 5 புள்ளி. அதாவது 400 பேரில் 30 சதவீதம் என்று வந்தால் உண்மை 25-க்கும் 35-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அடுத்த வருடம் 27 என்று வந்தால் குறைந்துவிட்டது என்று பாயசம் வைக்க முடியாது. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் இந்த இடைவெளி இன்னும் அகலும். ஆகவே 10 ஊரில் 40 பேர் வீதம் கேட்பதைவிட 40 ஊரில் 10 பேர் வீதம் கேளுங்கள், பெட்ரோல் செலவு கூடும், பரவாயில்லை.

அபூர்வமான துயரங்களுக்கு இது எதுவும் ஓடாது. நீரில் மூழ்கிய பிள்ளைகள், பதின்வயதுத் தற்கொலைகள், பதினெட்டுக்கு முன் கல்யாணம் இவற்றை ஓர் ஊருக்கு, ஒரு வருடத்துக்கு என்று போட்டால் ஒன்று இரண்டாக ஆனாலே நூறு சதவீத உயர்வு என்று தெரியும். மூன்று அல்லது ஐந்து வருடத்தைச் சேர்த்து, மாவட்டம் முழுவதற்கும் போடுங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடவே கூடாது, சின்ன ஊரில் அந்த ஒரு எண் எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியும்.

களத்துக்குப் போகும்போது

எப்போது போகிறோம் என்பது இங்கே பெரிய விஷயம். நம் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது. தடைக்காலத்தில் கடப்புறத்து அடுக்களை ஒரு மாதிரி, மற்ற நாளில் வேறு மாதிரி. அதே மாதிரி அடைமழையில் ரப்பர் பால்வெட்டு நிற்கும், தோட்டத் தொழிலாளர் வீட்டில் கையில் காசு இருக்காது. ஒரு பகுதியை நல்ல காலத்திலும் இன்னொன்றைக் கெட்ட காலத்திலும் அளந்துவிட்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்பது சுலபம், ஆனால் நாம் தேடுகிற பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராத பிள்ளை. வீட்டுக்குப் போங்கள், ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போங்கள். தெரிந்த வீடு, சாயா தரும் வீடு என்று போகாதீர்கள். கடப்புறத்தில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் நல்லது, வீட்டில் ஆள் இருக்கும்.

உயரம், எடை அளப்பது பார்க்க எளிது, தப்பு விடுவதும் எளிது. எங்கள் முதல் நாளில் குளியலறைத் தராசை மணல் தரையில் வைத்து நிறுத்தினோம், ஒரே பிள்ளை மூன்று முறை ஏறி மூன்று எடை காட்டியது, அன்றைய தாள்கள் மொத்தமும் குப்பைக்குப் போனது. ஒரு சமமான பலகையைக் கையோடு கொண்டு போங்கள், தினமும் காலையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துத் தராசைச் சோதியுங்கள், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும். தராசே இல்லாவிட்டாலும் 6 முதல் 59 மாதப் பிள்ளைக்கு இடது மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கலாம்: 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை, 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் என்றால் கவனம் வேண்டிய பிள்ளை. அளந்து எழுதிவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள், அம்மாவிடம் சொல்லி, அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்விகளில் எங்களுக்குப் பலித்தவை சில. "காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும், கட்டஞ்சாயா குடித்ததும் சாப்பாட்டில் சேர்த்தி. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, ஆகவே இந்தக் கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடாமல் கேளுங்கள். வாசிப்புக்கு இரண்டாம் வகுப்புப் பாட அளவில் ஒரு பத்தியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், தமிழ்வழி, ஆங்கிலவழி, மலையாளவழி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், என் சொந்தச் சேர்க்கை: "நீந்தத் தெரியுமா?" கடலும் குளமும் கால்வாயும் சூழ்ந்த மாவட்டம், இதைவிட நேரடியான பாதுகாப்புக் குறியீடு எனக்குத் தெரியவில்லை. கடப்புறத்துப் பிள்ளை என்றால் நீந்தும் என்று நாமே முடிவு கட்டாமல் பெண்பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். 15–18 வயதுக்கு இன்னொன்று: படிப்பிலும் இல்லாமல், தொழில் பழகாமலும், வேலைக்கும் போகாமலும் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர். பையன்களைத் தெருச் சந்திப்பில் பார்க்கலாம், பெண்கள் கண்ணில் படமாட்டார்கள்.

மனசை அளப்பது

"எப்படி இருக்க மக்களே?" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், அம்மா பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி கொண்ட ஒரு சின்னத் தாள் இருக்கிறது. போன இரண்டு வாரத்தில் சந்தோஷமாக இருந்தாயா, மனசு அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்தாயா, காலையில் களைப்பில்லாமல் எழுந்தாயா, பிடித்த விஷயங்கள் நாளில் இருந்ததா என்கிற மாதிரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மதிப்பெண், கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். 50-க்குக் கீழே என்றால் அந்தப் பிள்ளையோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று மட்டும் அர்த்தம், நோய் என்று முத்திரை குத்தாதீர்கள். இதோடு ஒரு கேள்வியைச் சேருங்கள்: "உனக்கு ஒரு கஷ்டம்னா யார்கிட்ட சொல்லுவ?" 'யாருமில்லை' என்று எழுதுகிறவர்களின் எண்ணிக்கைதான், என்னைக் கேட்டால், அந்த மொத்தச் சார்ட்டிலும் முக்கியமான எண்.

பெயர் எழுதாத தாள், மடித்துப் பெட்டிக்குள் போடவேண்டும். அப்பா வளைகுடாவில் அல்லது கடலில் இருக்கிறாரா என்று ஒரு கட்டம் வைத்தால் பின்னால் பிரித்துப் பார்க்க உதவும். பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும், பிள்ளை மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி கூப்பிடுவேன், மத்தது நமக்குள்ள" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநலத்துக்கு 14416, இரண்டு தொலைபேசி எண்ணையும் அச்சடித்த துண்டுச்சீட்டை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லாப் பிள்ளை கையிலும் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்கலாமா?

செய்யலாம். ஒவ்வொரு குறியீட்டிலும் மிக மோசமான பகுதிக்கு 0, மிக நல்ல பகுதிக்கு 100, நடுவில் இருப்பதை அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறதோ அங்கே. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் குறியீட்டெண் ரெடி. பத்திரிகைக்காரருக்கும் அதிகாரிக்கும் அதுதான் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. வாசிப்பில் 90, எடையில் 30 வாங்கிய பகுதி சராசரியில் 60 ஆகி நிம்மதியாக உட்கார்ந்துவிடும், ஆரம்பத்தில் சொன்ன எழுத்தறிவு 91.75 செய்த அதே வேலையை இதுவும் செய்யும். பகுதிகள் மூன்றுதான் என்றால் இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குக்கூட ஒருவருக்கு 0, ஒருவருக்கு 100 விழுந்துவிடும் என்பது வேறு. நீங்கள் எடுத்த எல்லாக் குறியீட்டையும் பக்கம் பக்கமாக, மூன்று பகுதிக்கும், ஒரே தாளில் போட்டுக் காட்டுங்கள். எங்கே இடைவெளி அதிகம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே விரல் வைத்துச் சொல்லும்.

தாளை முதலில் எடுத்துப் போக வேண்டியது அளந்த ஊர்களுக்கே. ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது, நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலும் கூடும், 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் அதுவே, கூட்டம் சேரும். பேரூராட்சி என்றால் வார்டு பகுதி சபை, அல்லது பங்கின் அன்பியக் கூட்டம், மகளிர் குழுக் கூட்டம், எது கூடுகிறதோ அது. அங்கே வாசித்துக் காட்டினால் "அந்தத் தெருவை விட்டுட்டியளே" என்று யாராவது சொல்வார்கள், குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அந்தத் தெருவுக்கும் போக வேண்டும். கேள்வித்தாளின் வாசகத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஒரு வார்த்தை மாறினாலும் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது. மூலத் தாள்களைப் பூட்டி வையுங்கள், எக்செல் ஷீட்டில் பிள்ளையின் பெயர் ஏறவே கூடாது. தராசையும் பலகையையும் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். எங்கள் பலகை ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் இன்னும் திரும்பி வரவில்லை.